ரெண்டு ஃபேனா, மூணு ஃபேனா

கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் படுத்துக் கிடக்கும். செங்கல் அளவு இருக்கும், எடையும் ஏறக்குறைய அதுதான். விளையாட்டில் ஒரு மரம் அசைந்தால், அந்த அசைவைத் திரையில் வரைகிற வேலை அதனுடையது. வரைய வரையச் சூடாகும். சூட்டைத் தணிக்க அதன் முதுகிலேயே சின்னச் சின்ன ஃபேன்கள் வைத்திருப்பார்கள். நெற்றியில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அதையே வீடெல்லாம் தேடுகிற வயதில், நான் இதில் நிபுணன் ஆனேன். எந்தக் கார்டுக்கு எத்தனை ஃபேன், எது அழகு, எது கொடுத்த காசுக்கு உழைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

நான் விளையாடுகிறவன் இல்லை. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். விளையாடியது என் மனைவி.

அவளுக்குக் கால்களில் தொடங்கியது. முதலில் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தாள். பிறகு படியில் தடுக்கினாள். வேலூரில் நரம்பு டாக்டர் ஒருவர் ஒரு சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, முதலில் கால் போகும், அப்புறம் கை, எப்போது என்று சொல்ல முடியாது என்றார். மருந்து எழுதினார். "இந்த மருந்துல சரியாகுமா?" என்று கேட்டதற்கு, "இது மனசுக்கு" என்றார். நகைச்சுவை எழுதுகிற எனக்கே அப்படி ஒரு வரி சட்டென்று வராது.

அதுவரை அவள் ஒரு பௌர்ணமி விடாமல் மலையைச் சுற்றியவள். நான் சுற்றியதே இல்லை. திருவண்ணாமலையில் பிறந்தவனுக்கு மலை எங்கேயும் போய்விடாது என்ற தைரியம் உண்டு. வெளியூர்க்காரர்கள்தான் பஸ் பிடித்து வந்து சுற்றுவார்கள். வேங்கிக்காலில் எங்கள் வீட்டுப் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும். வீட்டை விற்றவர் அதற்குத் தனியாகக் காசு வாங்கினார். சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் அவள் அந்த ஜன்னலைச் சாத்தவிடவில்லை, பௌர்ணமியன்று மட்டும் தவிர. அன்றைக்குக் காலையிலேயே, "சாத்திடுங்க, தூசி வருது" என்பாள். எங்கள் தெருவில் எல்லா நாளும் தூசி வரும்.

கை விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பெண் சொன்னாள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன எங்கள் மகன் விட்டுச் சென்ற கம்ப்யூட்டர் அந்த ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அவன் வீடியோ காலில் வந்து, இரண்டு கையாலும் பிடித்துக் கட்டைவிரலால் குமிழைத் தள்ளுகிற கன்ட்ரோலரை எப்படிப் பிடிப்பது என்று அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தான். விளையாட்டில் தாடி வைத்த ஒரு போர்வீரன். அவனுக்குக் கத்தி உண்டு, குதிரை உண்டு. ராஜாவின் மகளை யாரோ தூக்கிப் போய்க் கோட்டையில் அடைத்துவிட்டார்கள், அவளை மீட்க வேண்டும். என் மனைவி கொஞ்ச தூரம் போனாள். வழியில் தனியாக ஒரு மலை நின்றது. அத்தோடு ராஜா மகள் கதை முடிந்தது. அந்தப் பெண் இன்னும் கோட்டையில்தான் இருக்கிறாள்.

"இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். "இத பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?"

"மலை மாதிரி தோணுது."

"கட்டுர எழுதற ஆளுக்கு இவ்ளோதான் தோணுது. மேப்ல பாருங்க, சுத்தி வழி போகுதுங்க. முழுசா சுத்தி வருது."

மறுநாள் பார்த்தபோது வீரன் பூட்ஸ் இல்லாமல் நின்றிருந்தான். கவசம், கத்தி, தோளில் கரடித்தோல் எல்லாம் இருந்தது. கீழே மட்டும் வெறுங்கால். பூட்ஸ் ஜோடியாக ஒரு மரத்தடியில் கிடந்தது.

"ஏன் கழட்டிட்ட? ஓநாய் கடிக்கும்னு உன் புள்ள சொன்னானே?"

"செருப்போட எப்டிங்க சுத்தறது? கடிச்சா கடிச்சிட்டுப் போட்டும்."

கடித்தது. செத்தான். மறுபடி மரத்தடியிலிருந்து எழுந்து, பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு நடந்தான். மலை எப்போதும் வலது கைப்பக்கம். கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களுக்குப் பதிலாக, மேப்பைப் பார்த்தே எட்டுப் பாறைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்பாள். வீரனுக்குக் கும்பிடத் தெரியாது. அவனைத் தயாரித்தவர்கள் கும்பிடுகிற பொத்தான் வைக்கவில்லை. உட்கார்ந்து எழுகிற பொத்தான் இருந்தது. போய்ச் சேர்ந்த பாறையிலெல்லாம் அந்த முரட்டு ஆள் ஒருமுறை உட்கார்ந்து எழுவான், வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் போல. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. விரதத்தில் இருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

ஓநாயைத் தாண்டக் கற்றுக்கொண்டாள். தாண்ட முடியாதது மலையின் பின்பக்கம். அங்கே ஒரு அருவி, அடர்ந்த காடு, ஒவ்வொரு இலையும் தனித்தனியாக ஆடும். அங்கே போனதும் கம்ப்யூட்டருக்குள் மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்கும். வானத்தில் பச்சையும் ரோஸுமாகக் கட்டங்கள் வரும். திரை இருண்டுவிடும். திரும்பவும் மரத்தடி. எத்தனை தடவை போனாலும் அருவியோடு சரி. ஒரு சுற்று முழுசாக முடிந்ததே இல்லை.

"ஒரு தடவ போதும்" என்றாள் ஒருநாள். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு வலது கட்டைவிரலை இடது கையால் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். "கை இருக்கறப்பவே ஒரே ஒரு தடவ முழுசா சுத்திட்டா போதும். அப்புறம் எடுத்து வெச்சிடுங்க."

அந்த வாரம் டம்ளர் இரண்டு முறை கை நழுவியிருந்தது.

மகனுக்குப் போன் செய்தேன். "கார்டு பழசுப்பா. நம்மூரு வெயில் வேற. மாத்திடுங்க" என்றான். எந்தக் கார்டு என்று கேட்டேன். "அத நீங்களே கம்பேர் பண்ணிப் பாருங்கப்பா, நெட்ல நெறைய இருக்கு" என்றான். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கம்பேர் பண்ணுவது என்னை மாதிரி ஆளுக்கு அல்வா. வாழ்க்கையில் எதையுமே செய்ய முடியாத நாட்களில் இரண்டு பொருளை ஒப்பிட்டுக்கொண்டாவது உட்கார்ந்திருக்கலாம்.

ஒப்பிட்டேன். சிப்பு என்கிற மூளையை ஒரு கம்பெனி செய்கிறது. அதை வாங்கிப் பல கம்பெனிகள் தங்கள் தங்கள் உடம்பைப் பொருத்தி விற்கின்றன. ஒருவர் இரண்டு ஃபேன் வைப்பார், ஒருவர் மூன்று. ஒருவர் விளக்கு போடுவார். ஒருவர் தொழிற்சாலையிலேயே சிப்பைக் கொஞ்சம் முறுக்கிவிட்டு, இது வேகம் ஜாஸ்தி என்பார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் இவற்றையெல்லாம் மேஜையில் பரப்பி, சூட்டை அளந்து, கோடு போட்டுக் காட்டுகிறார்கள். அறையின் வெப்பம் இருபது டிகிரி என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கும். சித்திரை மாதத்துத் திருவண்ணாமலையில் இருபது டிகிரி வேண்டுமென்றால் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தலையை விட வேண்டும். மலையே நெருப்பு என்று புராணம் சொல்கிற ஊர் இது. மே மாதத்தில் புராணத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். என் வயதுக்காரர். மூன்று பெட்டிகளைப் பிரித்து வைத்தார்.

"சிப்பு மூணுலயும் ஒண்ணுதான் சார். மேல போட்டிருக்கற ஜிப்பாதான் வேற."

முதலாவது வெள்ளை நிறம், நீளம், மூன்று ஃபேன். மின்சாரம் கொடுத்ததும் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஏழு நிறத்திலும் ஓடியது. ஏதோ ஒரு முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது போல இருந்தது.

"பசங்க இதத்தான் கேக்கறாங்க. கண்ணாடி வெச்ச பொட்டின்னா வெளிய இருந்து பாக்க சூப்பரா இருக்கும்."

"எங்க பொட்டி முழுக்க இரும்பு பாய்."

"அப்ப லைட்டு யாருக்கு எரியும்?"

இரண்டாவது அதே சிப்பை முறுக்கிவிட்டது. விலை அதற்கேற்ப முறுக்கிக்கொண்டிருந்தது. "படம் எவ்ளோ வேகமா ஓடும்? வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா?" என்றேன்.

"பில்லுல தெரியும் சார்."

மூன்றாவது கறுப்பு. இரண்டே ஃபேன். ஆனால் தடிமன். உள்ளே அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கியிருந்தார்கள். கையில் வாங்கினால் மணிக்கட்டு இறங்கியது. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, ரேஷன் கடை எடைக்கல் போல இருந்தது. "பாக்க லட்சணம் கம்மிதான்" என்றார் பாய். "ஆனா சூடு தாங்கும். சும்மா இருக்கறப்ப ஃபேன் நின்னுடும், சத்தமே இருக்காது. பொண்ணு பாக்கறதுன்னா வெள்ள. குடும்பம் நடத்தறதுன்னா இது."

மனைவிக்குப் போன் போட்டு மூன்றையும் விவரித்தேன். ஃபேன், தகடு, வேகம், நிறம் எல்லாம். ஒரு கட்டுரையே வாசித்தேன் என்று சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேட்டாள்.

"எது சத்தம் கம்மி?"

"கறுப்புதான். ஏன்?"

"நடக்கறப்போ அந்த ஆளோட கால் சத்தம் கேக்கணுங்க. மண்ணுல ஒரு மாதிரி, கல்லுல ஒரு மாதிரி வரும். இந்த மில்லு சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

நான் இணையத்தில் படித்த எந்த ஒப்பீட்டிலும் அந்தக் கேள்வி இல்லை. கறுப்பை வாங்கினேன்.

கம்ப்யூட்டரைக் கடைக்கே தூக்கிப் போய், பாய் மாட்டி, ஓட்டிப் பார்த்துக் கொடுத்தார். கடையில் வெண்ணெய் மாதிரி ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து, இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தேன். அவள் தலை குளித்துவிட்டு உட்கார்ந்தாள். படம் முன்பைவிடத் துல்லியமாக இருந்தது. வீரனின் கால் விரல் நகம்கூடத் தெரிந்தது. அறை அமைதியாக இருந்தது. மண்ணில் தொம் தொம் என்று அவன் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அருவி வந்தது. இலைகள் ஆடின. ஒன்றும் ஆகவில்லை. அருவியைத் தாண்டினாள். அவள் அதுவரை பார்த்தே இராத வழி திறந்தது. நான் மூச்சை விட்டேன்.

அப்போது ஃபேன் வேகமெடுத்தது. நடை திக்கியது. ஒரு காலைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான். திரை இருண்டது.

அவள் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. இருண்ட கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரின் முகமும் தெரிந்தது. சேர்ந்து நாங்கள் எடுத்துக்கொண்ட போட்டோக்களிலேயே மோசமானது அதுதான்.

பாய்க்குப் போன் செய்தேன். "என் கடையில சாயங்காலம் வரைக்கும் ஓட்டினேன் சார், ஒண்ணும் ஆகல. வீட்ல அப்டி என்னா பண்றீங்க?"

"மலைய சுத்தறோம் பாய்."

"சரி சார், கொண்டாங்க, பாக்கறேன்" என்றார், நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரலில்.

திரும்பக் கொண்டுபோவதற்காக ஒயரைப் பிடுங்கக் குனிந்தேன். பெட்டியின் பின்பக்கம் கையை விட்டேன். பெட்டியை ஒட்டி நின்ற இரும்பு பீரோவின் பக்கத் தகடு புறங்கையில் பட்டது. தோசைக்கல். கையை உதறிக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததை அவளிடம் எப்படிச் சொல்வது என்பதும் கூடவே வந்து நின்றது.

கம்ப்யூட்டர் பெட்டி பின்பக்கமாகத்தான் சூட்டை வெளியே தள்ளும். மகன் இருந்தவரை அதன் முதுகு ஜன்னலைப் பார்த்து இருந்தது. அவன் அதில் துப்பாக்கிச் சண்டை போட்டபோது யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இவள் மலையைச் சுற்றத் தொடங்கிய மறுநாளே, "என்னங்க, அத திருப்பி வைங்களேன். முதுக மலைக்குக் காட்டிட்டு, சூட்டுக் காத்த அங்க ஊதிட்டு, இங்க சுத்தறது நல்லா இல்ல" என்றாள். நான்தான் திருப்பினேன். கட்டிலும் சக்கர நாற்காலியும் போக அந்த அறையில் மிச்சம் ஒரே ஒரு பக்கம், பீரோ. பெட்டியின் முதுகு பீரோவோடு ஒட்டிக்கொண்டது. தான் விட்ட மூச்சையே தான் இழுத்துக்கொண்டு அது வரைந்துகொண்டிருந்தது. இரண்டு ஃபேனா மூன்று ஃபேனா என்று நான் உலகத்தையே விசாரித்திருக்கிறேன். முப்பது ஃபேன் வைத்திருந்தாலும் அந்த இடுக்கில் ஒரு சுற்று முடிந்திருக்காது.

சொன்னேன். அவள் பீரோவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"ஹால்ல வெக்கலாமா?" என்றேன்.

"ஹால்ல இருந்து மலை தெரியாது."

"தெரிஞ்சா முதுகு காட்டக் கூடாது, தெரியலன்னா சுத்தக் கூடாது. உன்னோட சட்டம் ரொம்ப கஷ்டம்மா."

"நான் போட்டதா?" என்றாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டை ஊட்டிவிடட்டுமா என்று முதல்முறையாகக் கேட்டேன். வேண்டாம் என்று ஸ்பூனை வாங்கிக்கொண்டாள். ரசம் சாதம் மடியில் சிந்தியது. துடைத்துவிட்டேன். இரண்டு பேரும் மின்வெட்டைப் பற்றிப் பேசினோம்.

மறுநாள் காலையில் நான் அவள் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். நடப்பதற்கில்லை, நாற்காலியில் பாதம் உரசாமல் இருப்பதற்கு. மாட்டியது அவளுக்குத் தெரியாது என்பதால், மாட்டியாச்சு என்று ஒவ்வொரு காலுக்கும் சொல்ல வேண்டும். இரண்டாவது காலுக்குச் சொன்னதும், "திருப்பிடுங்க" என்றாள்.

"எத?"

"பொட்டிய. மலைப் பக்கமாவே திருப்பிடுங்க."

"பரவால்லயா?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் காலையே எடுத்துக்குச்சு இல்ல? கொஞ்சம் சூட்டுக் காத்தையும் வாங்கிக்கட்டும்."

அவள் அந்தக் குரலில் மலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சாமி இல்லை என்று இளமையில் மேடை போட்டுப் பேசியவன் நான். அன்றைக்கு மலையை நிமிர்ந்து பார்க்காமல் குனிந்துகொண்டேன். பெட்டியைத் திருப்பினேன்.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் ஆரம்பித்தாள். மரத்தடியில் பூட்ஸ் கிடந்தது. வீரன் நடந்தான். முதல் பாறை, உட்கார்ந்து எழுந்தான். கறுப்புக் கார்டு தன் வேலையைச் செய்தது. ஜன்னல் பக்கம் கையை நீட்டினேன். கதகதவென்று காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது. அதற்கு நேரெதிரே மலை, எப்போதும் போல. அருவி வந்தது, போனது. நடை திக்கிய இடம் வந்தது, அதுவும் போனது. அதற்கு அப்பால் ஏதாவது இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. காய்ந்த புல், கொஞ்சம் கல். விளையாட்டு செய்தவர்கள் இந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று அசிரத்தையாக விட்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு கல்லையும் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

எட்டாவது பாறைக்குப் பிறகு வீரன் நின்றான். மரம் தூரத்தில் தெரிந்தது. கார்டுதான் போய்விட்டது என்று நினைத்தேன். புல் ஆடிக்கொண்டிருந்தது. நின்றது அவளுடைய கட்டைவிரல்.

"குடு, நான் தள்றேன்" என்றேன்.

"தொடாதீங்க."

காத்திருந்தோம். வரைய ஒன்றும் புதிதாக இல்லாததால் ஃபேனும் அடங்கிவிட்டது. தெருவில் ஒரு ஆட்டோ போனது. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடையதோ போல. பிறகு கன்ட்ரோலரை மடியில் சாய்த்து, மணிக்கட்டை அந்தக் குமிழின் மேல் வைத்து அழுத்தினாள். வீரன் குடிகாரன் மாதிரி கோணலாக நடந்தான். வழியை விட்டு இறங்கினான், ஏறினான். மலை மட்டும் வலது பக்கமே இருந்தது. தொம், தொம்.

மரத்தடிக்கு வந்து சேர்ந்தான்.

வேறொன்றும் நடக்கவில்லை. சின்னதாக ஒரு பூவைப் பறித்தால்கூடப் பாட்டுப் போட்டுப் பாராட்டுகிற விளையாட்டு அது. ஒரு மலையை முழுசாகச் சுற்றியதற்கு ஒரு மணிகூட அடிக்கவில்லை. அவள் என்ன செய்தாள் என்று அதற்குத் தெரியவே இல்லை.

"முடிஞ்சிடுச்சா?" என்றேன்.

"முடிஞ்சிடுச்சு." கன்ட்ரோலரை என் பக்கம் நகர்த்தினாள். "அவனுக்கு அந்தப் பூட்ஸ மாட்டி விடுங்க. எவ்ளோ தூரம் நடந்திருக்கான்."

வாங்கி, வீரனை மரத்தைச் சுற்றி நடத்தினேன். வேர்களுக்கு நடுவே பார்த்தேன். புல்லை மிதித்துப் பார்த்தேன். கீழே போட்ட பொருளை ரொம்ப நேரம் கழித்து இந்த விளையாட்டே துடைத்துவிடும் என்று மகன் பிற்பாடு சொன்னான். இதுவரை யாரும் அவ்வளவு நேரம் நடந்ததில்லை, அதனால் எங்களுக்குத் தெரியவில்லை.

"காணோம்மா."

"நல்லா பாருங்க."

"பாத்துட்டேன். இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கட்டுரை எதையும் படித்து அப்படிச் சிரித்ததில்லை. "நம்மூருல விட்ட செருப்பு எந்தக் காலத்துல கெடச்சிருக்கு? எவனோ மாட்டிக்கிட்டுப் போய்ட்டான்." சிரித்து ஓய்ந்ததும் வலது கையை என் மடியில் தூக்கிப் போட்டாள். தூக்கிப் போட்டது இடது கைதான். "இத கொஞ்சம் தேய்ச்சு விடுங்க" என்றாள்.

தேய்த்தேன். தேய்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன்.